வீக்கம் வடிந்தது யாரால்?

ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளைக்கு வீட்டில் பலத்தைக் காட்ட மிச்சமிருக்கும் ஒரே களம் கேஸ் சிலிண்டர்தான். அலங்காநல்லூர் பக்கத்திலேயே இருந்தாலும் ஜல்லிக்கட்டை டிவியில்தான் பார்க்கிறோம். ஆகவே, சிலிண்டர் போடும் தம்பி "அடுப்படியில கொண்டு வந்து வைக்கட்டுமாண்ணே?" என்று கேட்டபோது, குடும்பத் தலைவன் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான் இருந்தது. உள்ளே கேஸ் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பதை ஒட்டி வரும். சிலிண்டர் அடுப்படிக்குப் போனது. நான் கட்டிலுக்குப் போனேன். பொழுது சாய்வதற்குள் வலது முழங்கால் எண்ணெயில் போட்ட பூரியாய் உப்பிவிட்டது.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். "லேசா பிசகியிருக்கு. காலை நீட்டிப் படுங்க, ஐஸ் வைங்க, சரியாயிரும்" என்றார். படுப்பதற்கு ஃபீஸா என்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். வலிக்கு ஒன்று, அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று. அந்த மூன்றாவதன் பெயர் டிரிப்சின் - கைமோடிரிப்சின். என்சைம் மாத்திரை.

"வெறும் வயித்துல போடணும்ணே, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி" என்றார் மெடிக்கல் ஷாப்காரர். காரணம் இருக்கிறது. இது புரதத்தை வெட்டும் என்சைம். வீங்கிய இடத்தில் தேங்கிய புரதக் கசடை வெட்டிவிட்டால் நீர் வடிய வழி கிடைக்கும் என்பது கணக்கு. சோற்றோடு உள்ளே போனால் முழங்காலை மறந்துவிட்டு சாம்பாரில் கிடக்கும் பருப்பைக் கவனிக்கப் போய்விடும். இரைப்பை அமிலத்தில் மடிந்துவிடாமல் இருக்க மேலே ஒரு பூச்சு வேறு. இவ்வளவையும் வீட்டம்மாவுக்கு விளக்கினேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எதுல இருந்துங்க எடுக்குறாங்க?"

"மாடு, பன்னி... அதுகளோட கணையத்துல இருந்து."

அன்று வெள்ளிக்கிழமை. முட்டைக்கே அனுமதி இல்லாத நாள். சாமிப் படத்துக்குக் கீழே இருந்த மாத்திரை அட்டை அந்த நிமிடமே வாசல் திண்ணைக்கு இடம் மாற்றப்பட்டது. மாத்திரை போட நானும் திண்ணைக்குப் போக வேண்டியதாயிற்று.

வேறு வகை உண்டா என்று மெடிக்கல் ஷாப்பில் விசாரித்தேன். செராஷியோபெப்டிடேஸ் என்று ஒன்று இருக்கிறதாம். பட்டுப்புழுவின் குடலில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியா தயாரிக்கும் என்சைம். "இத்தனை வருஷத்துல இந்த வீட்டுக்கு வந்த பட்டு இது ஒண்ணுதான்" என்றாள் அவள். அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன். அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கும் புரோமெலைன் என்று சைவமாகவும் ஒன்று உண்டு. அன்னாசி தின்றால் நாக்கு எரிவதில் அதற்கும் பங்கு உண்டு. இதற்கு உடன்பிறப்பு பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பெய்ன். முற்றின ஆட்டுக்கறி வேகாவிட்டால் பப்பாளிக்காயை அரைத்துப் போடுவார்கள் அல்லவா, அந்த வேலையைச் செய்வது இதுதான். "அப்ப உங்க முழங்காலை வேக வைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்து வந்தது ஆன்டி-ஆக்ஸிடன்ட். மதுரையிலிருந்து கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி என் மச்சான் கொண்டுவந்தான். ஆள் சேர்க்கச் சேர்க்க கமிஷன் ஏறும் கம்பெனி ஒன்றில் அவன் இருக்கிறான். "மாமா, உடம்புக்குள்ள ஃப்ரீ ராடிக்கல்ஸ் சுத்துது" என்றான். 1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் முதுமைக்கே இந்தத் துகள்கள்தான் காரணம் என்று எழுதினார். அன்றிலிருந்து அவற்றைப் பிடிக்கும் வியாபாரம் படுத்ததே இல்லை. டப்பாவில் 'அட்வான்ஸ்டு ஃபார்முலா' என்று போட்டிருந்தது. திருமங்கலத்துக்காரனிடம் வந்து ஃபார்முலா சொல்கிறார்கள்! 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குக் காசு கொடுப்பதில் எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு ஃபார்முலா நாடு பூராவும் பிரபலம். அதில் பலன் முதலில் கைக்கு வரும் என்பார்கள். இதில் பணம் முதலில் கையை விட்டுப் போகிறது.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்'. ஊட்டச்சத்து டப்பாக்களில் இப்படிப் போட்டே ஆக வேண்டும் என்பது 2016-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதி. மருந்து இல்லை என்று அரசாங்கம் போடச் சொன்னதை, கண்ணாடி போடாமல் படிக்க முடியாத அளவில் போட்டிருக்கிறார்கள். "விட்டமின்தானே மாமா, கெடுதல் என்ன பண்ணப் போகுது?" என்றான் மச்சான். பின்லாந்தில் அப்படித்தான் நினைத்தார்கள். புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதைச் சொன்னேன். "அது ஃபாரின் உடம்பு மாமா" என்றான்.

மூன்றாவதாக வந்தவள் வீட்டம்மாவே: பால், மஞ்சள், மிளகு. மஞ்சளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள், நம் சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஏடுகளையும் நூல்களையும் காட்டி வாதாடி 1997-ல் ரத்து செய்ய வைத்தது. ஆனால் மஞ்சளில் வேலை செய்யும் சரக்கான குர்குமின் ஏறக்குறைய மூன்று சதவீதம்தான். அதுவும் ரத்தத்தில் லேசில் ஏறாது. மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் 2,000 சதவீதம் கூடுதலாக ஏறுகிறது என்று 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு சொன்னது. ரத்தத்தில் ஏறுவது வேறு, முழங்காலில் இறங்குவது வேறு என்று வாய் வரை வந்தது. டம்ளரை நீட்டிக்கொண்டு நின்ற முகத்தைப் பார்த்ததும் குடித்துவிட்டேன். பாலில் ஒரு சிட்டிகை சரி; காப்ஸ்யூலாகக் கிலோக் கணக்கில் விழுங்கி ஈரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும்.

பிறகு மாமியார் முடக்கத்தான் கீரையோடு வந்தார். அரசு ஹோமியோபதிக் கல்லூரி உள்ள ஊராயிற்றே என்று எதிர்வீட்டு சார் சீனி உருண்டைகளோடு வந்தார். யார் மனசும் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் சாப்பிட்டேன். வீக்கம் வடிந்தது.

அதற்குப் பிறகுதான் வீட்டில் ஓட்டு எண்ணிக்கை ஆரம்பமானது. ஜெயித்தது தன்னால்தான் என்று ஐந்து அணிகள். டெபாசிட் இழக்கக்கூட யாரும் தயாராக இல்லை. இந்த வழக்கைத் தீர்க்க உலகத்தில் ஒரே வழிதான் உண்டு. பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. ஜப்பானின் டகேடா கம்பெனி பல வருஷமாக விற்ற அந்தப் பட்டுப்புழு என்சைமைக் கணுக்கால் சுளுக்கில் இப்படி வைத்துப் பார்த்தது. வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 2011-ல் தானாகவே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. நம் ஊரில் வலி மாத்திரையோடு ஜோடி சேர்ந்து இன்றும் விற்கிறது. எல்லா என்சைமையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது. டிரிப்சின், புரோமெலைன், ரூட்டோசைடு மூன்றும் சேர்ந்த மாத்திரை முழங்கால் தேய்மானத்தில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரைக்குச் சமமாக வந்த சிறு ஆய்வுகள் உண்டு. ஆனால் பிசகிய முழங்கால் பெரும்பாலும் தானாகவே வடியும் சாதி. அது வடிகிற நேரத்தில் பக்கத்தில் எந்த டப்பா நிற்கிறதோ, மாலை அதற்கு விழுகிறது.

இத்தனையும் தெரிந்த நான், போன வாரம் உசிலம்பட்டி ரோட்டு டீக்கடையில், கால் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு தம்பிக்கு ஐந்து வைத்தியத்தையும் வேளை வாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டு, "ரெஸ்ட்டு கிஸ்ட்டு எடுத்தீங்களாண்ணே?" என்றான்.

"நடக்க முடியலைல்ல தம்பி, அதனால படுத்துத்தான் கெடந்தேன்" என்றேன். "அதெல்லாம் வைத்தியத்துல சேராது."