மைக்கோ அண்ணாச்சி

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் டிராக்டர் வைத்திருக்கிறவர் என்றாலே கொஞ்சம் விசித்திரம்தான். ஊரே வள்ளமும் வலையும் சங்கு குளியுமாக இருக்க, அண்ணாச்சி மட்டும் ஒரு பழைய மாசி பெர்குசனை உப்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருப்பார். வாரிய உப்பை டிரெய்லரில் ஏற்றித் தட்டுமேட்டில் சேர்ப்பது வண்டியின் வேலை. வண்டிக்கு ஒரிஜினல் பார்ட்ஸ் தேடுவது அண்ணாச்சியின் வேலை. பொழுது சாய்ந்தால் வண்டிக்காவது ஓய்வு உண்டு.

இந்த ரகத்து ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. பழைய புல்லட் வைத்திருப்பார்கள், அல்லது வள்ளத்தில் பழைய இன்ஜின். இவர்களைக் கண்டதும் பார்ட்ஸ் கடைக்காரர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

"நாசில் கேட்டா என்னத்தயோ தாரீரே வே? மைக்கோ இல்லியா?"

"அண்ணாச்சி, மைக்கோதான் இது. 2008லயே பேர பாஷ்னு மாத்திட்டான். அதே பெங்களூர் கம்பெனி."

"அவன் பேர மாத்திட்டாம்னா நானும் மாத்தணுமோ?"

பிறகு பெட்டியை முகர்வார். அச்செழுத்தை நகத்தால் சுரண்டுவார். ஆயில் சீலை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்குவார். பக்கத்தில் நின்று பார்த்தால் முத்து வியாபாரி கெட்டார். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். நல்முத்தையும் சொத்தையையும் பிரித்துப் பார்த்த கண்கள் அதற்கப்புறம் வேலையில்லாமல் அலைந்து, இப்படி ஆயில் சீலில் வந்து விழுந்துவிட்டன என்பது என் கட்சி.

வண்டியின் பூர்வீகத்தை யாராவது சீமை என்று சொல்லிவிட்டால் போச்சு. சென்னையில் 1960இல் டாஃபே தொடங்கியதிலிருந்து ஆரம்பித்து, சிம்சன் இன்ஜினின் மூன்று சிலிண்டர்களையும் வரிசையாகச் சொல்லித்தான் விடுவார். இந்தியாவில் மாசி பெர்குசன் என்ற பெயரே இனி டாஃபேக்குத்தான் என்று 2025இல் அமெரிக்காவின் ஆக்கோ கம்பெனியோடு உடன்பாடு ஆனது. அன்றைக்குக் கடை பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் டீ அண்ணாச்சி கணக்கு. சொத்து வழக்கில் ஜெயித்த முகம்.

உப்புக்காற்றுக்கு இந்தப் பெருமையெல்லாம் எங்கே தெரிகிறது? ஒரிஜினலையும் டூப்ளிகேட்டையும் பாரபட்சமில்லாமல் தின்கிறது. இடது மட்கார்டு வழியாகவே டயரின் பட்டன் தேய்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

"மாத்திருங்களேன் அண்ணாச்சி."

"ஓட்டையா இருந்தாலும் கம்பெனித் தகரம்லா."

எல்லாவற்றையும்விட அவருக்கு உயிர், பின்னால் இருக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட். டிராக்டரோடு கலப்பையை மூன்று இடத்தில் கோத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் ஏற்பாடு. ஹாரி பெர்குசனுக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். அண்ணாச்சி வண்டியின் லிஃப்ட் இதுவரை கலப்பையைக் கண்ணால் கண்டதில்லை. பாத்தியில் எதை உழுவது? ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் பார்த்து, லிவரைத் தள்ளி, வெறுங்கையாக அதை மேலே ஏற்றி இறக்குவார். ஐப்பசி மழையில் உப்பளம் முடங்கிவிட்டால் தினமும் நடக்கும். வீட்டு அம்மாள் இந்த நேரத்தில் எதுவும் கேட்கமாட்டார்.

போன மழைக்கு, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுச் சம்சாரி ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். லிஃப்டைப் பார்த்ததும் மனிதருக்கு வாயெல்லாம் பல். புது வண்டியில்கூட இப்படி ஏறாது என்றார். அண்ணாச்சி குளிர்ந்துபோய் அட்வான்சை வாங்கி மடியில் வைத்தார். வைத்த பிறகுதான் கேட்டார்:

"நாளைக்கு ஒரு சாமான் போச்சுன்னு வைங்க, என்ன போடுவீய?"

"கிடைக்கிறதப் போட்டு ஓட்ட வேண்டியதுதான். விதைப்புக்குள்ள உழணும்லா?"

அண்ணாச்சி அட்வான்சை எண்ணித் திருப்பிக் கொடுத்தார், பஸ் செலவும் சேர்த்து.