யாருக்கிட்டப் படிச்ச?

டாக்டர்மாருக்குச் சோதினை வைக்கிற தலையிடியைக் கொண்டுவந்தவனே வெள்ளைக்காரன்தான் என்று கல்முனைத் தேத்தண்ணிக் கடைகளில் சத்தியம் பண்ணுவார்கள். பாவம் வெள்ளைக்காரன். கொழும்பில் அவன் மருத்துவப் பாடசாலை திறந்ததே 1870இல். அதற்கு 939 வருசம் முந்தியே பக்தாத்தில் இந்தக் கூத்து நடந்து முடிந்துவிட்டது.

931ஆம் ஆண்டு. ஒரு வைத்தியர் விட்ட பிழையால் ஒரு மனுசர் மவுத்தாகிப்போனார். கதை கலீபா முக்ததிரின் காதுக்குப் போனது. உடனே கட்டளை: அரண்மனை வைத்தியர் சினான் இப்னு தாபித் சோதித்துப் பார்த்து விட்டாலொழிய ஒருத்தரும் நாடி பிடிக்கப்படாது. 860க்கு மேல் பரிசாரிமார் வந்து நின்றார்கள். பேரெடுத்தவர்களுக்கும் அரச சேவையில் இருந்தவர்களுக்கும் சோதினை இல்லை. (இதையும் வெள்ளைக்காரன் தலையில் கட்ட வழியில்லை.)

நல்ல உடுப்பும் மரியாதையான தோற்றமுமாய் ஒரு கிழவர் வந்தார். சினான் பணிவாக இருத்தி, "உங்கக்கிட்ட நாங்களும் ரெண்டு விசயம் கேட்டுக்கிறம். நீங்க யாருக்கிட்டப் படிச்சீங்க?" என்றார். கிழவர் சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து முன்னால் வைத்தார். உள்ளே தீனார்.

"எழுத வாசிக்கவே ஒழுங்காத் தெரியா. புள்ளகுட்டிக்காரன். றிஸ்க்குல மண் போட்டிராதீங்க."

சினானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெரியாத வருத்தத்தில் கை வைக்காதீங்க, கண்டபடி இரத்தம் எடுக்காதீங்க, பேதிக்குக் குடுக்காதீங்க என்றார். "என்ட ஹயாத்துல தேன்-விநாகிரிப் பானியையும் பன்னீர்ச் சர்பத்தையும் தாண்டினதே இல்லையே!" என்றார் கிழவர். அந்தக் காலத்து வைத்தியத்தை நினைத்தால், படித்தவர்களைவிட இவர் கையில் தப்பியவர்கள்தான் கூட இருந்திருப்பார்கள்.

அடுத்த நாள் ஒரு வாலிபன்.

"யாருக்கிட்டப் படிச்ச?"

"வாப்பாக்கிட்ட."

"வாப்பா யாரு?"

"நேத்து வந்தாரே, அவருதான்."

"நல்ல மனுசன். அவர்ர வழிய உட்டு விலகிராத."

அந்தக் கிழவர் 1961க்குப் பிறகு நம்மட பக்கம் வந்திருந்தால் இன்னும் வேடிக்கை. அந்த வருசத்து ஆயுர்வேதச் சட்டம் யூனானியையும் ஆயுர்வேதத்துக்குள்ளேயே போட்டுவிட்டது. கிரேக்கத்தில் பிறந்து பக்தாத்தில் வளர்ந்த வைத்தியம், இலங்கையில் பதியப் போனால் ஆயுர்வேதம்.

வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்துவிட்டு வருகிற நம்மட பொடியன்மாருக்கு இன்றைக்கும் ஒரு சோதினை இருக்கிறது. பேரை மாற்றியும் பழைய ஆட்களுக்கு அது 'ஆக்ட் 16'தான். அதில் சினானின் கேள்வி வராதது நல்லதாய்ப் போயிற்று. வந்தால், வாயில் நுழையாத ஒரு ரஷ்யப் பேராசிரியரின் பேரைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும்: வாப்பாக்கிட்ட. சம்மாந்துறைப் பக்கம் ரெண்டேக்கர் வயலை வித்தவர் அவர்தானே.