ஸ்டாம்ப் மை ஈஷுவது ஏன்?

கேள்வி: ரப்பர் ஸ்டாம்ப் குத்திச் செய்யும் வாழ்த்து அட்டையில் மை ஈஷிக்கொள்வது ஏன்?

பதில்: மையின் குணம் பார்க்காமல் குத்துவதால். சாய மை காகிதத்துக்குள் ஊறிச் சட்டென்று காய்ந்துவிடும். நிறமி மை மேலாகவே உட்கார்ந்திருக்கும். வழவழப்பான தாளில் காயாமல், வாழ்த்து பெறுபவரின் விரலுக்குப் போய்ச் சேரும். ஆனால் அச்சை மேடாக்கிக் காட்டும் எம்பாஸிங்குக்கு, காயத் தாமதிக்கும் அந்தச் சோம்பலே வரம். ஈரம் இருக்கும்போதே எம்பாஸிங் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டி, ஹீட் கன்னால் சூடு காட்டினால், பொடி உருகிப் பளபளவென்று மேடு தட்டும். தலைமுடி டிரையர் உதவாது. சூடு போதாது, பொடிதான் பறக்கும். ஸ்டாம்பை மையட்டையில் லேசாகத் தட்டியெடுத்து, ஆட்டாமல் அழுத்தவேண்டும். தாசில்தார் ஆபீஸ் பாணியில் ஓங்கிக் குத்தினால் ஓரமெல்லாம் மை அப்பும். முடிந்ததும் ஸ்டாம்பை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்ணீருக்கு மசியாத சால்வென்ட் மைக்கு மட்டும் தனிக் கிளீனர்.