யார் சொல்லி வந்தீங்க?

காலையில் கடை திறந்ததும் அப்பா சாம்பிராணி போடுவார். இப்போது என் மகள் ரிங் லைட் போடுகிறாள். அந்தப் புகையிலும் எனக்குக் கண் எரிந்தது, இந்த வெளிச்சத்திலும் எரிகிறது. நாலு பேர் கடைக்கு வரவேண்டும் என்கிற ஆசைக்குக் கண்ணெரிச்சல்தான் கூலிபோல.

மதுரை விளக்குத்தூண் பக்கம், இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் மூன்றாமவர் படியில் நின்றே விலை கேட்கவேண்டிய சிறிய சுங்குடிக் கடை எங்களுடையது. 1985-இல் பி.காம். முடித்த கையோடு அந்தப் படியில் வந்து நின்று, "விளம்பரம் இல்லாம வியாபாரம் இல்லப்பா" என்று அப்பாவுக்கே பாடம் எடுத்தவன் நான். அவரிடம் இருந்த விளம்பர உத்தியெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். புதிதாக யார் வந்தாலும் பாயில் உட்காரவைத்து, பையனை அனுப்பி ஒரு பவண்டோ வாங்கிவரச் சொல்லிவிட்டு, "யார் சொல்லி வந்தீங்க?" என்பார். வந்த பதிலைக் கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'மேல மாசி வீதி டீச்சர் சொல்லி, சேலை 2' என்று குறித்துக்கொள்வார். அடுத்த முறை டீச்சர் வரும்போது பைக்குள் ஒரு ஜாக்கெட் பிட் சும்மாவே போய்ச் சேரும். பட்டதாரியான எனக்கு இது சிரிப்பாக இருந்தது.

நான் நவீனன் அல்லவா? ஊரில் ஒரு தியேட்டரில் ஸ்லைடு போட்டேன். 'சுந்தரிகள் விரும்பும் சுங்குடி' என்று நானே எழுதிய வாசகம். அதை எழுதிய இரவு எனக்குத் தூக்கம்கூட வரவில்லை. முதல் நாள் நண்பர்கள் ஆறு பேருக்கு டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போனேன். இடைவேளையில், ஊரே முறுக்குக்கும் மூத்திரத்துக்கும் வெளியே போயிருந்த நேரத்தில், என் ஸ்லைடு தலைகீழாக வந்தது. மீதமிருந்தவர்கள் விசிலடித்தார்கள். அப்பாவிடம் அந்த மாதக் கணக்கில் இந்தச் செலவை 'படம் பார்த்தது' என்று எழுதவேண்டி வந்தது. 1952-இல் பராசக்தி ஓடிய, 2500 பேருக்கு மேல் உட்காரக்கூடிய தங்கம் தியேட்டரில் நம் கடைப்பெயர் ஒருநாள் மின்ன வேண்டும் என்று அப்போதெல்லாம் கனவு காண்பேன். அந்தத் தியேட்டரை இடித்துவிட்டு அங்கே ஒரு பெரிய ஜவுளிக்கடையே வந்துவிட்டது. நாங்கள் ஸ்லைடு போட ஏங்கிய இடத்தில் இன்று சேலை விற்கிறது. எங்கள் சேலை இல்லை, அவ்வளவுதான்.

ஸ்லைடு கைவிட்ட எங்களைக் காப்பாற்றியது சிவகாசி தினசரிக் காலண்டர்தான். மார்கழி பாதியிலேயே, சேலை எடுக்காதவர்கள்கூட உரிமையோடு வந்து, "காலண்டர் வந்துருச்சா?" என்று கேட்பார்கள். கொடுக்காவிட்டால் சண்டை. கொடுத்தால் 365 நாளும் அவர்கள் வீட்டுச் சுவரில், முருகன் காலடியில், எங்கள் கடைப்பெயர். இப்போது மகள் இன்ஸ்டாகிராமில் 'ஸ்டோரி' என்று ஒன்று போடுகிறாள். 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடுமாம். காலண்டர் தாளும் 24 மணி நேரத்தில் கிழிபட்டதுதான், ஆனால் அட்டை நின்றது. இதில் அட்டை எங்கே என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஃபேஸ்புக் வந்த புதிதில் எனக்குள்ளிருந்த அந்த 1985-ஆம் வருடத்துப் பட்டதாரி திரும்பவும் விழித்துக்கொண்டான். கடைக்கு ஒரு பக்கம் திறந்து, 'பூஸ்ட்' என்ற நீலப் பொத்தானை அழுத்தி, 500 ரூபாய் கட்டினேன். லைக்குகள் மழையாகக் கொட்டின. சேலை கட்டும் வழக்கமே இல்லாத ஊர்களிலிருந்தெல்லாம் கட்டைவிரல் காட்டினார்கள். விற்பனை? தலைகீழ் ஸ்லைடு எவ்வளவு விற்றதோ அவ்வளவு. மகள்தான் தலையில் தட்டிக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள்: லைக் வேண்டும் என்று கேட்டால் அது லைக்கைத்தான் கொண்டுவரும், 'மெசேஜ் வேண்டும்' என்று கேட்கவேண்டும், எந்த ஊர், என்ன வயது என்று கட்டம் போட்டுக்கொடுக்க வேண்டும். 2018-இல், கடைகளும் கம்பெனிகளும் போடுவதைவிட நண்பர்களும் குடும்பத்தாரும் போடுவதைத்தான் முன்னால் காட்டுவோம் என்று ஃபேஸ்புக் அறிவித்தபோது, பெரிய கடைக்காரர்களெல்லாம் தலையில் கைவைத்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் கடன் நோட்டு ஞாபகம் வந்தது. கடைக்காரன் சொல்வதைவிட மேல மாசி வீதி டீச்சர் சொல்வது எடுபடும் என்பதைக் கண்டுபிடிக்க இவர்களுக்கு இத்தனை கணினிகள் தேவைப்பட்டிருக்கின்றன.

2020-இல் டிக்டாக் போய் ரீல்ஸ் வந்தது. 'தள்ளுபடி' என்று நான் கத்திய ரீல்களை யாரும் சீண்டவில்லை. ஒருநாள், சாயம் காய்ந்த சுங்குடியின் இரண்டு முனைகளையும் இருவர் பிடித்து இழுக்க, நூல் முடிச்சுகள் படபடவென்று தெறித்து, புள்ளி புள்ளியாகச் சேலை கண் திறப்பதை மகள் அப்படியே படம் பிடித்தாள். பின்னணிப் பாட்டுகூட இல்லை. ஊர் பார்த்தது. நாற்பது வருடம் என் மூக்குக்குக் கீழேயே நடந்த காரியம் அது. நான் சுந்தரிகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"விலை என்ன?" என்று கேட்பவருக்கு 'இன்பாக்ஸ் வாங்க' என்று மற்றவர்கள் எழுத, இவள் விலையை அங்கேயே போடுகிறாள். வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் என்று சேர்த்து, புதுச் சரக்கு வந்தால் அனுப்புகிறாள். நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச்சேருமாம். காலண்டருக்கு ஆணி அடித்து இடம் கொடுத்தவர்கள்தான் கணக்கு. அட்டை எங்கே என்று தேடினேனே, அங்கே இருந்திருக்கிறது.

எல்லாம் சரி, பாய் மட்டும் காலியாக இருக்கிறது. நாற்பது சேலையை விரித்துப் பார்த்துவிட்டு "அப்புறம் வர்றோம்" என்று எழுந்துபோகிற அம்மாக்களைத் திட்டிக்கொண்டே மடித்துவைக்கும் அந்தச் சுகம் போய்விட்டது. இப்போது விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். மடிக்க ஒன்றுமில்லை, திட்டவும் ஆளில்லை.

போன வாரம் மகள் ஒரு ஜாக்கெட் பிட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். "இவங்க அனுப்புன வீடியோவப் பாத்து மூணு பேரு ஆர்டர் போட்டாங்கப்பா. அதான்" என்றாள். அவள் கணினியில் அதற்கென்றே ஒரு கட்டம் வைத்திருக்கிறாள்: 'யார் சொல்லி'. தாத்தாவின் நோட்டை அவள் பார்த்ததேயில்லை. பிட்டின் விலை 80 ரூபாய், கூரியர் 90 ரூபாய்.

"கூரியர் எதுக்கும்மா, நேர்ல வந்து வாங்கிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் பையனையும் பவண்டோவுக்கு அனுப்பிவிட்டேன்.

"அவங்க புனேல இருக்காங்கப்பா."

பவண்டோவை நானே குடித்தேன்.