இன்னும் கொஞ்சம் இறுக்கு மாப்ள!

டெக்சாஸ்ல வீடு வாங்குனவன் கராஜ்ல காரை விடுவான். நீ காரை வெயில்ல போட்டுட்டு, கராஜ்ல தோட்டா செய்யுற பட்டறை வச்சிருக்க. நல்லது மாப்ள. நம்ம ஊர்ல உரிமம் இல்லாம இந்த வேலையச் செஞ்சிருந்தா, 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் ஒன்னைய வேற எடத்துல குடி வச்சிருக்கும்.

நீ செஞ்ச .38 ஸ்பெஷல் தோட்டாவெல்லாம் மேசையில நிக்கிற அழகப் பாத்தேன். கண்ணு பட்டுரும். ஒண்ணுக்கு இடுப்பு பெருத்திருக்கு. ஒண்ணு ஒரு பக்கம் மட்டும் வீங்கிக் கெடக்கு. இன்னொண்ணோட வாயில சீவுன ஈயம் சுருளா தொங்குது. பாதி, ரிவால்வர் சிலிண்டருக்குள்ள எறங்கவே மாட்டேங்குது. அதுக்கு நீ கண்டுபிடிச்ச வைத்தியம் என்ன? பிரஸ்ல மாட்டுன டையை இன்னும் கால் சுத்து கீழ எறக்குன. வீங்குனது கூட வீங்குச்சு. இன்னும் இறுக்கு மாப்ள, பிரஸ்ஸோட கைப்பிடி ஒடியிற வரைக்கும் விடாத!

குண்டைப் பிடிச்சு வைக்கிறது, வாயை மடிக்கிற கிரிம்ப்தான்னு நெனச்சுட்ட. பெரும்பிடி பித்தளைக் கூட்டோட கழுத்துப் பிடிதான். ரிவால்வர் ஒதைக்கிறப்ப மிச்சக் குண்டெல்லாம் முன்னால நழுவி வந்து சிலிண்டர் சிக்கிடாம இருக்கத்தான் வாயில அந்தச் சின்ன மடிப்பு. கழுத்து தொளதொளன்னு இருந்தா, நீ எம்புட்டு மடிச்சாலும் குண்டு ஆடத்தான் செய்யும்.

குண்டை எறக்குறதையும் வாயை மடிக்கிறதையும் ஒரே டையில, ஒரே இழுப்புல முடிக்கிற பாரு, அங்கதான் சனியன் ஒக்காந்திருக்கு. கூட்டு வாய் உள்ள மடங்க ஆரம்பிச்ச பொறவும் குண்டு கீழ போய்க்கிட்டே இருக்கு. நெல்லு கொட்டி முடியுமுன்ன மூட்டை வாயைக் கட்டுனா என்னாகும்? ஈயம் மெத்துன்னு இருக்கிறதால விளிம்பு அதச் சீவும். சீவ முடியாத எடத்துல பித்தளை பக்கவாட்டுல பிதுங்கும். அதனால டையை மேல தூக்கி, மடிக்கிற விளிம்பு கூட்டைத் தொடாதபடி வச்சு, எல்லாக் குண்டையும் எறக்கி முடி. அப்புறம் குண்டை அமுக்குற தண்டை நல்லா மேல ஏத்திட்டு, டையை எறக்கித் தனியா மடி. மடிப்பு, குண்டுல இருக்கிற குழிக்குள்ள விழணும். ஆனா அது மட்டும் போதாது, நீளமும் சிலிண்டருக்குள்ள அடங்கணும். துப்பாக்கிப் புலி எல்மர் கீத் வரைஞ்ச 358429 குண்டை .357 மேக்னம் கூட்டுல அந்தக் குழியிலேயே மடிச்சா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்-பிரேம் ரிவால்வர் சிலிண்டர்ல மூக்கு வெளிய நீட்டும். பேர்பெத்தவரு குண்டே இடம் பாத்துத்தான் ஒக்காருது, ஒன்னோடது எம்மாத்திரம்!

அதுக்கும் முன்னால கூட்டோட வாயை விரிக்கணும். அங்கயும் கஞ்சத்தனம் பண்ணியிருக்க. விரிச்ச வாயில குண்டை வச்சுக் கையை எடு. சாயாம நிக்கணும், அடி விளிம்பு மயிரளவு உள்ள போயிருக்கணும். சாஞ்சு நின்னா சாஞ்சேதான் எறங்கும், ஒரு பக்க வீக்கம் அதுதான். அதுக்காகக் குடை மாதிரி விரிச்சுறாத, நாலு தடவையில வாய் கீறிப் போகும். நீ ஜாக்கெட் குண்டுக்குன்னு செஞ்ச எக்ஸ்பேண்டரை வச்சு .358 அங்குல ஈயக்குண்டுக்கு விரிக்கிற. வாயில படி வச்ச மாதிரி விரிக்கிற லைமன் எம் டை ஒண்ணு வாங்குய்யா, டாலர் குட்டி போடாது.

பொறுக்குன கூடெல்லாம் ஒரே நீளமான்னு அளந்தியா? .38 ஸ்பெஷலுக்கு அதிகபட்சம் 1.155 அங்குலம். நீளமான கூட்டுல மடிப்பு கூடிப் போகும், குட்டையில விழவே விழாது. நீ டையைத் திட்டுற.

குண்டை அமுக்குற தண்டோட நுனியத் தொடைச்சு எத்தன நாளாச்சு? குண்டுல தடவுன மெழுகு அங்க போய் அடை அடையா அப்பிக்கும். ஒவ்வொரு குண்டும் கொஞ்சங் கொஞ்சமா ஆழத்துல போகும். ஆழம் போனா உள்ள எடம் சுருங்கி அழுத்தம் ஏறும், இது வேடிக்கையில்ல. கார்பைட் வளையம் வச்ச கிரிம்ப் டையும் ஒதவாது, வீக்கத்த மறைக்கிறேன்னு உள்ள இருக்கிற ஈயத்தையும் சேத்து நசுக்கும். சிறுத்த குண்டு குழல்ல ஈயத்த அப்பிட்டுப் போகும். தட்டு சுத்தியல்ல ஒண்ணைக் கழட்டி அளந்து பாரு, குட்டு வெளிப்படும்.

.45 ஆட்டோவுக்கும் இதே உருட்டு மடிப்பைப் போட்டுறாத. அந்தக் கூடு வாய் விளிம்புலதான் அறைக்குள்ள நிக்குது. விரிச்சத நேராக்குற சரிவு கிரிம்ப், வாயில .471 அங்குலம் வாக்குல, போதும்.

இப்பப் போயி பவுடரும் பிரைமரும் இல்லாம அஞ்சு வெத்துத் தோட்டா செய். அஞ்சும் சிலிண்டர்ல தானா விழுந்து, தானா வெளிய வரணும். அதுவரைக்கும் பவுடர் பொட்டிச் சாவி ஒங்கம்மாகிட்ட இருக்கட்டும். ஏற்கெனவே கேட்டுட்டா.