லாரியில் வராத திறன்

விடிகாலை ஐந்தரைக்கு எங்கள் புளோக் அருகே ஒரு லாரி வந்து நிற்கும். பின்தட்டில் பதினைந்து இருபது பேர், இரும்புக் கம்பியில் முதுகைச் சாய்த்து, தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மடியில் பிளாஸ்டிக் பை. உள்ளே நடுராத்திரியில் கட்டிய கேட்டரிங் சாப்பாடு. மதியம் பிரிக்கும்போது சாம்பார் தன் வயதைத் தானே சொல்லிவிடும்.

சிங்கப்பூரில் இவர்களைத் தவறிக்கூடத் திறனாளர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். இவர்கள் ‘ஊழியர்கள்’. ‘வெளிநாட்டுத் திறனாளர்’ வேறு சாதி. டாக்சியில் வந்து காண்டோவில் இறங்குகிறவர். இத்தனைக்கும் லாரியில் இருப்பவன் புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ வீட்டு நகையை அடகு வைத்து, ஏஜெண்டுக்கு அழுது, ‘ஸ்கில் டெஸ்ட் அடித்து’த்தான் விமானம் ஏறினான். கம்பி கட்டிக் காட்டினான், குழாய் பொருத்திக் காட்டினான். திறன் தேர்வில் தேறியவன் திறனற்றவன். அந்தத் தேர்வின் வாசலையே மிதிக்காதவர் திறனாளர்!

அவருக்கும் பரீட்சை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 2023 செப்டம்பரிலிருந்து ‘காம்பஸ்’ என்று ஒரு மதிப்பெண் முறை. சம்பளம், பட்டம், கம்பெனியில் எந்த நாட்டவர் எத்தனை பேர் என்றெல்லாம் கூட்டிப் பார்த்து 40 தேறினால் இ-பாஸ் என்கிற வேலை அனுமதி. மாதம் 22,500 வெள்ளி வாங்குகிறவருக்கோ அந்தப் பரீட்சையும் கிடையாது.

பிள்ளைக் கதை இன்னும் அழகு. 1972-இல் இரண்டு போதும் என்றார்கள். 1987-இல் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள், வசதி இருந்தால், என்றார்கள். 2023-இல் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.97. பிள்ளைக்காகத் தவம் கிடக்கும் இதே நாடு, லாரியில் வரும் ஒர்க் பெர்மிட்காரனை மனைவியை அழைத்துவர விடாது; உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்வதென்றால் முதலில் மனிதவள அமைச்சிடம் அனுமதி வாங்கச் சொல்லும். தொட்டில் கட்ட அவன் வேண்டாம். தொட்டில் தொங்கும் வீட்டைக் கட்ட மட்டும் வேண்டும்.

நாம் மட்டும் லேசுப்பட்டவர்களா? 2030-இல் மக்கள்தொகை 69 லட்சம் ஆகலாம் என்று 2013-இல் வெள்ளை அறிக்கை வந்ததும் ஹோங் லிம் பூங்காவில் கூடிக் கொதித்தோம். ரயிலில் நிற்க இடமில்லை, வீட்டு விலை எகிறிவிட்டது. கோபம் நியாயம்தான். ஆனால் அந்த ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியவன் நம் இடத்தைப் பிடிக்கவில்லை. அவன்தான் லாரியில் போகிறானே! 2020-இல் கொரோனா எண்ணிக்கையைத் தினமும் இரண்டாகப் பிரித்துச் சொன்னார்கள்: ஊழியர் தங்குவிடுதியில் இத்தனை, சமூகத்தில் இத்தனை. சமூகத்தில் பூஜ்யம் என்ற நாளில் நாம் நிம்மதியாகக் கோப்பி குடித்தோம்.

லாரிக்குப் பதில் பஸ் விடுங்கள் என்று கேட்டதற்கு 2023-இல் அரசாங்கம் என்ன சொன்னது? சிறிய கம்பெனிகள் தாங்காது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு, பள்ளிக்கூடம், எம்ஆர்டி எல்லாம் தாமதமாகும், செலவு கூடும். ஆக, நம் வாழ்க்கைத் தரத்தின் கணக்கில் அவன் உயிர் ‘மிச்சம் பிடித்த செலவு’. 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் அப்படி ஒரு லாரி, நின்றிருந்த டிப்பரில் மோதி, ஊழியர்கள் இருவர் செத்துப்போனார்கள்.

நாளைக் காலை சிக்னலில் ஒரு லாரி உங்கள் பக்கத்தில் நின்றால் எட்டிப் பாருங்கள். முன்னால் ஓட்டுநருக்கு பெல்ட் இருக்கும், போடாவிட்டால் அபராதம். பின்னால் பெல்ட் கிடையாது. அபராதமும் கிடையாது.