வில்லும் கையுமாக உங்கள் தம்பி

டென்வர், கொலராடோ

அன்புள்ள காக்காவுக்கு,

  

எல்க் வேட்டைக்குப் போகப்போகிறேன் என்று போனில் சொன்னதும் உம்மா, "ஏன் வாப்பா, கறிக்கடை இல்லாத ஊரா அது?" என்று கேட்டுவிட்டு போனை உங்களிடம் நீட்டிவிட்டார்கள். நீங்கள் சிரித்ததோடு சரி. சாயங்காலம் நம் காயல் கடற்கரை மணலில் உட்காரும் கூட்டத்துக்குள் இந்தச் செய்தி போய், நான் புலியோடு மல்லுக்கு நிற்பதாகத் திரும்பி வருவதற்குள் விவரத்தை எழுதிவிடுகிறேன்.

எல்க் ஒரு மான்தான். பாபநாசம் மலையில் பார்ப்போமே மிளா, அதைவிடப் பெரியது. வளர்ந்த ஆண் 300 கிலோ தாண்டும். களக்காடு முண்டந்துறையில் மிளாவை நோக்கி வில்லை நீட்டினால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பி எண்ண வேண்டியதுதான். இங்கேயோ அரசாங்கமே வேட்டைச் சீட்டு விற்கிறது. ஒரு காலத்தில் இவர்களும் கண்டபடி சுட்டு எல்க் இனத்தையே ஏறக்குறையத் துடைத்துப் போட்டவர்கள்தான். பிறகு 1913-இல் எல்லோஸ்டோன் பக்கமிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்து எஸ்டெஸ் பார்க் மலையில் விட்டார்கள். இன்றைக்கு அமெரிக்காவிலேயே அதிக எல்க் இருப்பது கொலராடோவில். சீட்டு விற்ற காசு அதைப் பராமரிக்கத்தான் போகிறது.

வழிகாட்டி, குதிரை, கூடாரம், சமையல்காரர் என்று எல்லாம் ஏற்பாடு செய்து தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் தொகையில் நம்மூரில் ஊருக்கே ஒரு களறி விருந்து போட்டுவிடலாம். அதனால் நானும், டெக்ஸாஸில் இருக்கும் நம்மூர்ப் பையனும் சொந்த ஏற்பாட்டில் போவதாக முடிவு செய்தோம். நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஒயிட் ரிவர் தேசியக் காடு மட்டும் 23 லட்சம் ஏக்கர், முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைப் போலப் பல மடங்கு. அத்தனையும் பொதுச்சொத்து. வாசலில் காவலாள் இல்லை, யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

இப்படிச் சொன்னால் ஆள் பாட்டுக்கு வில்லைத் தூக்கிக்கொண்டு போகலாம் போல இருக்கும். முதலில் பரீட்சை. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறினால்தான் பொதுவாகச் சீட்டு. (வாப்பா அதற்கு முன்னால் பிறந்தவர்கள், அவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்க முடியாது. சொல்லிவிடுங்கள், சந்தோஷப்படுவார்கள்.) என் வகுப்பில் பாதிப்பேர் பன்னிரண்டு வயதுப் பொடியன்கள். நான் பேனா மூடியைத் திறப்பதற்குள் அவர்கள் எழுதி முடித்து மிட்டாய் தின்றார்கள்.

அடுத்தது சீட்டு. ஆறு மாதம் குடியிருந்தவன் உள்ளூர்க்காரன். வில் வேட்டைக்குப் பல வட்டாரங்களில் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், நூறு டாலருக்குள் முடியும். வெளி மாநிலத்தானுக்கு எண்ணூறு டாலரை ஒட்டி வரும். போதாக்குறைக்கு மலைப்பக்கத்து வட்டாரங்களில் 2025-லிருந்து அவன் குலுக்கலிலும் விழ வேண்டும். டெக்ஸாஸ் பையன் பாவம், குலுக்கலில் பெயர் வரவில்லை. கறி சுமக்க வருகிறான்.

பொது நிலம் என்றேனே, அதிலும் ஒரு வில்லங்கம். அந்தக் காலத்தில் ரயில் கம்பெனிகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக நிலம் கொடுத்ததால், பக்கத்து வயோமிங் மாநிலத்தில் ஒரு பெரிய பரப்பு சதுரங்கப் பலகை மாதிரி கிடக்கிறது: ஒரு கட்டம் அரசாங்கத்தினுடையது, அடுத்தது தனியாருடையது. மூலைக்கு மூலை தாண்டினால் பொது நிலத்திலிருந்து பொது நிலத்துக்கே போகலாம். மிசோரியிலிருந்து வந்த நாலு வேட்டைக்காரர்கள் ஒரு ஏணியைக் கொண்டுவந்து மூலையில் வைத்து, தனியார் மண்ணில் கால் படாமல் ஏறி இறங்கினார்கள். பண்ணை முதலாளி, என் ஆகாயத்துக்குள் அத்துமீறி நுழைந்தார்கள் என்று வழக்குப் போட்டார்! 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏணிக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நம்மூரில் முடுக்குத் தகராறுகள் பார்த்திருக்கிறோம். ஆகாயத்துக்குத் தகராறு இங்கேதான் பார்க்கிறேன்.

எல்க்கை வில்லால் அடிக்க நாற்பது கெஜத்துக்குள் நெருங்க வேண்டும். கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. மலைக்காற்று நம் கடற்கரைக் காற்றைப் போலத்தான் நேரம் பார்த்து மாறும். விடியற்காலை குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறியதும் மேலே கிளம்பும். எனவே காலையில் கீழேயிருந்து மேலே போக வேண்டும், வெயில் ஏறிய பிறகு மேலேயிருந்து இறங்க வேண்டும். காற்றுப் பார்க்க ஒரு சின்னக் குப்பியில் வாசனையில்லாத மாவுத்தூள் விற்கிறார்கள். அமுக்கினால் புகை மாதிரி ஒரு இழை வரும். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நம் வாடை போகிறது. செப்டம்பர் மாதம்தான் வில் வேட்டை. அது முடியும்வரை எனக்கு அத்தர் கிடையாது, வாசனைச் சோப்பு கிடையாது. ஜும்ஆவுக்கு அத்தர் பூசாமல் போனதைப் பார்த்துப் பக்கத்து ஸஃப்பில் நின்றவர், ஏதும் மனக்கஷ்டமா என்று விசாரித்தார்.

செப்டம்பரில் ஆண் எல்க் துணை தேடி விசிலடிப்பது மாதிரிக் கத்தும். நாம் பெண் எல்க் போல மறுகுரல் கொடுத்து வரவழைக்க வேண்டும். அதற்கு ரப்பர் சவ்வு கட்டிய பிறைவடிவத் துண்டு ஒன்றை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஊத வேண்டும். வீட்டில் ஊதக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. காரில் ஊதிப் பழகுகிறேன். சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள்.

உம்மா கட்டாயம் ஹலாலா என்று கேட்பார்கள். இங்குள்ள ஆலிமிடம் விசாரித்துவிட்டேன். பிஸ்மி சொல்லி அம்பை விட வேண்டும். கூர்முனை உடம்பைக் குத்திக் கிழித்து உயிர் போக வேண்டும், மொத்தென்று பட்ட அடியில் செத்தால் கூடாது. உயிரோடு இருக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டால் முறைப்படி அறுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் கொலராடோ சட்டமும் அம்பின் விஷயத்தில் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. அம்புமுனை குறைந்தது எட்டில் ஏழு பங்கு அங்குலம் அகலம் இருக்க வேண்டும். வெட்டும் விளிம்பு இரண்டாவது வேண்டும். நான் வாங்கிய முனையைத் தாளில் வைத்து லேசாக இழுத்தேன்; தாள் சத்தமில்லாமல் இரண்டாகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: அம்பு பட்டபின் மலைச்சரிவில் உருண்டு விழுந்தோ ஓடையில் விழுந்தோ இறந்தால் எதனால் இறந்தது என்ற குழப்பம் வரும், அதைத் தவிர்க்க வேண்டும் என்கிறார் ஆலிம். இந்த மலையில் சரிவில்லாத இடம் எங்கே தேட? நம்மூர் ஹஸ்ரத்திடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.

அடித்த பிறகுதான் உண்மையான வேலை. நாங்கள் தங்கப்போகும் இடம் 10,000 அடி உயரம். அகத்தியர் மலை உச்சியே 1,868 மீட்டர், அதாவது சுமார் 6,100 அடிதான். கடல் மட்டத்தில் பிறந்த நமக்கு அங்கே செருப்பு மாட்டக் குனிந்தாலே மூச்சு வாங்குகிறது. எலும்பு நீக்கினாலும் ஒரு ஆண் எல்க்கில் நூறு கிலோவை ஒட்டிக் கறி தேறும். தின்னக்கூடிய கறியைக் காட்டில் விட்டுவிட்டு வந்தால் குற்றம், விற்றாலும் குற்றம். முழுவதையும் துணிப்பையில் கட்டி, கரடி மோப்பம் பிடிப்பதற்குள் முதுகில் சுமந்து இறக்க வேண்டும். காயல் துறையில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய காலத்தில் நம் முன்னோர் ஒன்றிரண்டைக் கையில் நிறுத்தி வைத்திருந்தால் இன்றைக்கு உதவியிருக்கும். இப்போதைக்கு டெக்ஸாஸ் பையனின் முதுகை நம்பித்தான் திட்டம்.

இவ்வளவு செய்தும் வில்லோடு போகிறவர்களில் சுமார் பத்துக்கு ஒருவருக்குத்தான் எல்க் கிடைக்கிறதாம். இதை உம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மச்சான் அடுத்த மாதம் இங்கே வரும்போது களறிக்கறி மசாலா இரண்டு கிலோ அரைத்துக் கொடுத்துவிடுங்கள். எல்க் கிடைக்காவிட்டால் ஹலால் கடை ஆட்டுக்கறியில் போட்டுக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்,
உங்கள் தம்பி